ஊழிக்குப் பின் ஓர் ஆட்டம்

மார்கழி விடுமுறைக்கு ஆட்டமொன்றைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சிறிய பொறுப்பென்று எண்ணி ஏற்றுக்கொண்டேன். ஆறு வாரங்கள் அது என்னைப் படுத்தப்போகும் பாட்டை அப்போது நான் அறிந்தேனல்லேன்.

ஆட்டம் என்றதும் வாசகர்கள் முந்நூற்று நான்கையோ கரம் பலகையையோ நினைத்துவிடலாகாது. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றியமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை மேற்கொண்டு, வாய்மொழியாலேயே ஒரு கதையை நடத்திச் செல்லும் ஆட்டம் இது. ஐயம் எழுமிடத்துத் தாயக்கட்டை தீர்ப்புச் சொல்லும். ஒருவர் மட்டும் தனிப் பாத்திரமெதனையும் ஏற்காது, அவ்வுலகம் முழுவதையும் தம் பொறுப்பில் வைத்திருப்பார். மழை பெய்வதும் பகைவர் வருவதும் அவர் வாக்கினாலேயே. நமது கூத்தில் அண்ணாவியாருக்குள்ள இடம் இவருக்குரியது. ஆனால் அண்ணாவியார் கையில் ஏடு உண்டு; இவர் கையில் அது கிடையாது. 1974ஆம் ஆண்டில் அமெரிக்கரான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ஆக்கிய 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' இவ்வகை ஆட்டங்களுக்கு வழி திறந்தது. (தாயக்கட்டை உருளும் ஓசை கேட்டு, நான் முதுமையிற் சூதாடத் தொடங்கிவிட்டேனென்று அயலில் ஒரு பேச்சு உலாவியதும் உண்டு. பாரதம் படித்த ஊர். அவர்களைக் குறைகூற இயலாது.)

எங்கள் வட்டம் நால்வரைக் கொண்டது. என் பழைய மாணாக்கர் இருவர், என்னுடன் பல்லாண்டு கற்பித்து இளைப்பாறிய ஆசிரியை ஒருவர், நான். மாதத்தில் ஒரு ஞாயிறு கூடிப் புத்தகம் பேசுவோம். பேச்சு முடிந்தபின் ஆட்டம். இம்முறை உலகம் அழிந்த பிறகு நிகழும் கதை வேண்டுமென்று மாணாக்கர் கேட்டனர். அவ்விருவரும் போர் முடிந்தபோது பாலர் வகுப்பில் இருந்தவர்கள்.

மேனாட்டு இலக்கியத்தில் இப்பொருள் பழையது. மேரி ஷெல்லி அம்மையார் 1826ஆம் ஆண்டிலேயே 'கடைசி மனிதன்' என்னும் கருத்தமைந்த தலைப்பில் ஒரு நாவல் வெளியிட்டார். நமக்கும் இது அந்நியமன்று. கடல்கோளின் பின் பாண்டியர் மீண்டும் சங்கம் கூட்டினரென்னும் களவியலுரைக் கதை வேறென்ன? நகர் அழிந்ததும் முதலிற் கூட்டவேண்டியது புலவர் அவையே என்று அக்கதை கருதுகிறது. புலவர் சொன்ன கதைக்கு அது இயல்புதான்.

கனடாவில் வதியும் மருமகனைக் கொண்டு ஐந்து நூல்களைத் தருவித்தேன். அவற்றுள் மூத்தது 1978இல் வெளிவந்த 'காமா வேர்ல்ட்'. ஜேம்ஸ் வார்ட் என்பவர் அதன் ஆசிரியருள் ஒருவர். உருமாறிய மனிதரும் பேசும் விலங்குகளும் நிறைந்த அவ்வுலகில், முன்னோர் விட்டுச்சென்ற கருவியொன்றைக் கண்டெடுப்பவர் அதன் பயனை அறியமாட்டார். அதற்கென நூலில் ஒரு வழிப்படம் உண்டு. தாயக்கட்டையை உருட்டி உருட்டி அப்படத்தின் கோடுகள் வழியே நகரவேண்டும். ஒரு கோடு விளக்கத்திற் கொண்டுபோய் விடும். இன்னொன்று கருவி வெடித்துக் கைபோகும் இடத்திற் கொண்டுபோய் விடும். வாய்விட்டுச் சிரித்துப் படித்தேன். எனினும் ஒரு மாலைச் சிரிப்புக்கு மேல் அதில் எனக்கு எதுவும் கிட்டவில்லை.

சுவீடன் நாட்டு 'மியூற்றன்ற்: இயர் சீரோ' இன்னும் ஆழமானது. 1984இல் அந்நாட்டில் தோன்றிய பழைய ஆட்டமொன்றை வேராகக் கொண்டு 2014இல் வெளிவந்தது. பாழ்நிலத்தின் நடுவே ஒரு புகலிடம். அங்கே எஞ்சிய மக்கள். அவர்களுக்குக் குழந்தை பிறப்பதில்லை. துப்பாக்கி ரவையே அங்கு நாணயம். ஒரு ரவையைச் சுட்டவன் ஒரு காசைச் செலவழித்தவனாகிறான். ஒவ்வொரு முறை கூடும்போதும், உணவா, பண்பாடா, தொழில்நுட்பமா, போர்வலியா, எதை வளர்க்கும் பணியை எடுப்பதென்று ஆடுவோர் பேசித் தீர்மானிக்க வேண்டும். பண்பாட்டையும் ஓர் எண்ணால் அளக்கும் துணிவு எனக்குப் பிடித்தேயிருந்தது. ஆனால் பல மாதங்கள் தொடர்ந்து ஆடினாலன்றி அதன் சுவை வெளிப்படாது. எங்களுக்கிருந்ததோ ஒரு விடுமுறை.

பேக்கர் தம்பதியரின் 'அப்பொக்கலிப்ஸ் வேர்ல்ட்' 2010இல் முதலிலும் 2016இல் திருத்திய பதிப்பாகவும் வந்தது. நடத்துபவருக்கு இதனினும் சிறந்த ஆசானை நான் கண்டதில்லை. இரண்டு தாயக்கட்டைகளை உருட்டிக் கூட்டவேண்டும். பத்தும் மேலும் வந்தால் எண்ணியது முடியும். ஏழு முதல் ஒன்பது வரை வந்தால், முடியும், ஆனால் ஒரு விலை கொடுத்தாகவேண்டும். இவ்வொரு விதியினின்றும் கதை ஊற்றாய்ப் பெருகுகிறது. கதையை முன்கூட்டித் திட்டமிடாதே என்று நடத்துபவரை அந்நூல் தடுத்தும் வைக்கிறது. இத்தனையிருந்தும் அதை ஒதுக்கினேன். பாத்திரங்களின் படுக்கையறை உறவுக்கும் அதில் விதிகள் உண்டு. அவற்றை ஆசிரியையின் முன்னிலையில் வாசித்து விளக்கும் துணிவு எனக்கில்லை. இதைக் கோழைத்தனம் என்பார் சொல்லட்டும்.

ஆகவே என் மனம் 'ருவைலைற் 2000' என்பதிற் சென்று நின்றது. 1984இல் அமெரிக்காவில் எழுதப்பட்டு, 2021இல் சுவீடனிற் புதுப்பிக்கப்பட்டது. அணுகுண்டுகள் வீழ்ந்தபின், 2000ஆம் ஆண்டுக் கோடையில், போலந்தின் கலிஷ் நகருக்கருகே அமெரிக்கப் படைப்பிரிவொன்று சிதைகிறது. எஞ்சிய வீரர் சிலர் தலைமையுமின்றி ஆணையுமின்றி அந்நிய மண்ணில் நிற்கின்றனர். அங்கிருந்து ஆட்டம் தொடங்கும். ரவை, உணவு, எரிபொருள் அனைத்துக்கும் கணக்குண்டு. பெற்றோல் இல்லாமையால் சாராயம் வடித்து வாகனம் ஓட்டவேண்டும். அதற்கு எத்தனை விறகும் தழையும் வேண்டுமென்பது முதலாக விதிகள் உள. இதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. 1990களின் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் நாங்கள் மண்ணெண்ணெயில் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டவில்லையா? சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்கவில்லையா? ஜாம் போத்தல் விளக்கொளியில் விடைத்தாள் திருத்தியவன் நான். முன்பின் காணாத மனிதரொருவர் போலந்தைப் பற்றி எழுதிய அட்டவணையில் என் இளமை கிடந்தது. இதுவே ஆட்டம் என்று முடிவுசெய்தேன். மாணாக்கருக்கும் பெருமகிழ்ச்சி; அதிலே துவக்குகள் ஏராளம்.

ஆசிரியையிடம் நூலைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அட்டவணைகளை நெடுநேரம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பின் மூடி வைத்தார்.

"மாஸ்ரர், இதிலை வெடிக்கு, எண்ணெய்க்கு, எல்லாத்துக்கும் கணக்கிருக்கு. அண்டைக்கு இரவு பக்கத்து வீட்டு ஆச்சியை ஆர் கூட்டிக்கொண்டு போறதெண்டு நாங்கள் பட்ட பாட்டுக்கு இதிலை எங்கை கணக்கு?"

அன்றிரவு என்று அவர் சொன்னது 1995 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுவதும் மழையிற் புறப்பட்டுச் செம்மணி வழியாக, நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்குப் போன இரவு. அத்தெருவில் நானும் நின்றேன். அந்த ஆச்சியைப் பற்றி இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் அவர் என்னிடம் பேசியதில்லை. அன்றும் நான் கேட்கவில்லை; தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

ருவைலைற் நூலைக் குறைகூற எனக்கு மனமில்லை. அது சிதைந்த படையின் கதை. படைவீரன் எண்ணுவதை அது எண்ணுகிறது. என் பிழை, என் நினைவில் நின்ற பொருள்களை நூலிற் கண்டதும், நடந்ததையே கண்டுவிட்டதாக நினைத்தது. மண்ணெண்ணெய் எனக்கு நினைவிருந்தது. தெருவில் யார் யாரோடு முகங்கொடுத்துப் பேசாது நடந்தனர் என்பது எனக்கு மறந்திருந்தது.

தருவித்த ஐந்தில் ஒன்றை நான் அதுவரை திறந்துகூடப் பார்க்கவில்லை. கனடாவைச் சேர்ந்த ஏவரி ஆல்டர் 2013இல் வெளியிட்ட சிறு நூல் அது: 'த குவயற் இயர்', அமைதியான ஆண்டு. அதில் அண்ணாவியார் இல்லை; நாயகர் இல்லை. அழிவின் பின் பகைவரை விரட்டிவிட்ட ஒரு சிற்றூரை எல்லோரும் சேர்ந்து தாளில் வரைய வேண்டும். ஐம்பத்திரண்டு கடதாசிகள், ஆண்டின் ஐம்பத்திரண்டு வாரங்கள். ஒவ்வொரு கடதாசியும் ஒரு கேள்வியைக் கொணரும். தம் முறை வந்தவர் ஒன்றைக் கண்டுபிடிக்கலாம். ஒரு பணியைத் தொடங்கலாம். அல்லது ஓர் உரையாடலை எழுப்பலாம். உரையாடலில் ஒவ்வொருவரும் ஒரே முறை, ஓரிரு வாக்கியம் மாத்திரம் பேசலாம். முடிவு எட்டப்படுவதில்லை. அதன்பின் அடுத்தவர் தம் எண்ணப்படி எதையும் செய்வார். அது பிடிக்காதவர் வாதாடலாகாது; மேசை நடுவிலிருந்து மனக்கசப்பின் அடையாளமாக ஒரு காயை எடுத்துத் தம்முன் வைத்துக்கொள்ளலாம். அவ்வளவே. குளிர்காலத்தில் இஸ்கோப்பன் இராசா எப்போது தோன்றுகிறாரோ அப்போது ஆட்டம் முடியும்.

மனக்கசப்புக்குக் கணக்கு வைத்த ஆட்டம் அது ஒன்றே. இரண்டு நாள் கழித்துத்தான் ஒப்புக்கொண்டேன். உலகத்தைக் கையில் வைத்திருக்கும் நாற்காலியை விட்டெழுவது எளிதன்று.

"துவக்கொண்டும் இல்லையோ, சேர்?" என்றான் மாணாக்கருள் இளையவன்.

வீட்டிலிருந்த கடதாசிக் கட்டு முந்நூற்று நான்கு ஆடுவது. முப்பத்திரண்டு மட்டுமே தேறியது. பட்டினத்துக்குப் போய் முழுக்கட்டு வாங்கி வந்தேன். கசப்புக் காய்களுக்குப் புளியங்கொட்டை. சென்ற ஆண்டு நாட்காட்டித் தாளின் பின்புறம் ஊர் எழுந்தது. எங்களூர் வேண்டாமென்று முதலிலேயே பேசிக்கொண்டோம். ஆகவே மலையொன்று வரைந்தோம். இளையவன் ஓர் ஆறு வரைந்து, அது வற்றிய ஆறு என்றான். ஊரில் விறகு மிகுதி. நீரும் மருந்தும் விதைநெல்லும் அரிது.

கோடையில் ஒரு கடதாசி வந்தது. ஆசிரியை உரையாடலொன்றை எழுப்பினார்: மலையடியில் முதியோர் சிலர் தனித்திருக்கின்றனர், அவர்களை அழைப்பதா? நால்வரும் ஓரிரு வாக்கியம் சொன்னோம். எல்லாம் நல்ல வாக்கியங்களே. அடுத்த முறை இளையவனுடையது. அவன் மலைப்பக்கமாக வேலி அடைக்கத் தொடங்கினான்; ஐந்து வாரப் பணி என்று தாயக்கட்டையை வேலியின்மேல் வைத்தான். ஆசிரியை ஒரு புளியங்கொட்டையை எடுத்தார். அவன் நிமிர்ந்து பார்த்தான். விதிப்படி எவரும் பேசவில்லை. துவக்கு வேண்டுமென்ற அப்பிள்ளை அதன்பின் நெடுநேரம் அந்தக் கொட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாரியின் நான்காம் வாரத்தில் இஸ்கோப்பன் இராசா வந்தார். கிணறு ஒன்று தோண்டி முடிய இன்னும் ஒரு வாரம் கிடந்தது. ஆசிரியையின் முன் மூன்று கொட்டைகளும் என் முன் ஒன்றும் இருந்தன. அவற்றையெல்லாம் அவர் டப்பாவில் எண்ணிப் போட்டு, மூடியை இறுக்கிவிட்டு, குடையைத் தேடினார்.

"தையிலையும் இதையே ஆடுவமோ, ரீச்சர்?" என்று கேட்டான் இளையவன்.

"ஆடலாம். ஆத்திலை கொஞ்சம் தண்ணி விடு, தம்பி" என்றார் ஆசிரியை.