கட்டத்தைச் சுருக்கினால் படம் தெளியும்

ஊத்துக்குளி வட்டாரத்தில் மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிறவர்களுக்கு இருமல் இரண்டு வாரம் தாண்டினால், சளிப் பரிசோதனையோடு நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்வார்கள். பஞ்சுத் தூசியால் வரும் மூச்சிறுக்கம் அதில் பெரும்பாலும் தெரியாது. காசநோயின் தடம் தெரியும். ஒரு நெஞ்சுப் படத்துக்கு உடம்பு வாங்கும் கதிர் சுமார் 0.02 மில்லிசீவர்ட். இயற்கையாகவே ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் நம்மேல் படுகிறது. ஆக, இது மூன்று நாள் கணக்குதான். பயந்து படத்தைத் தள்ளிப்போடுவது தவறு.

கவனிக்க வேண்டியது படம் எடுக்கும் முறையை. உடம்புக்குள் போகும் கதிர் எல்லாம் நேராக வெளியே வருவதில்லை. எலக்ட்ரான்களில் மோதித் திசை மாறுகிறது; 1923இல் இதை விளக்கிய ஆர்தர் காம்ப்டனுக்கு 1927இல் நோபல் பரிசு கிடைத்தது. பிரின்டிங்கில் சாயம் கோடு தாண்டிக் கசிந்தால் டிசைன் மங்குவதுபோல, சிதறிய கதிர் படத்தின்மேல் சாம்பல் பூசிவிடுகிறது. வயிறு, இடுப்பு போன்ற கனமான பகுதிகளில் படத்தட்டை எட்டும் கதிரில் பாதிக்கு மேல் இப்படிச் சிதறியதுதான்.

இதற்குக் கைவைத்தியம் மெஷினிலேயே இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் நோயாளியின்மேல் நடுவில் குறுக்குக்கோடு போட்ட ஓர் ஒளிக்கட்டம் விழும். கதிர் பாயும் எல்லை அதுதான். குமிழைத் திருகி, தேவையான இடத்தோடு அதை நிறுத்தினால் சிதறலும் குறையும், உடம்பில் படும் கதிரும் குறையும். படமும் தெளியும். மூன்று லாபம், செலவு ஒன்றுமில்லை.

1913இல் குஸ்டாவ் பக்கி கொண்டுவந்த ஈயக்கீற்றுச் சட்டமான கிரிட் அப்படியல்ல. சிதறலைத் தடுக்கும், ஆனால் நேர்க்கதிரிலும் கொஞ்சம் விழுங்குவதால் கதிரைப் பல மடங்கு கூட்டவேண்டும். பெரியவர்களின் இடுப்புக்கு அது அவசியம். கைக்குழந்தையின் நெஞ்சுக்கு வேண்டியதில்லை.

ஃபிலிம் காலத்தில் கதிர் மிஞ்சினால் படம் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். டிஜிட்டலில் அந்தக் காவல் போய்விட்டது. கதிர் குறைந்தால் படம் பொரிப்பொரியாகும். கூடினால் இன்னும் அழகாகவே வரும். அதனால் அளவு மெல்ல மெல்ல ஏறுகிறது. திரையில் வரும் எக்ஸ்போஷர் எண்ணை ஒவ்வொரு படத்துக்கும் பார்ப்பதுதான் இதற்குக் கடிவாளம்.

பெண்கள் அதிகம் வேலை செய்யும் ஊர் இது. நாள் தள்ளிப்போயிருந்தால் படத்துக்கு நிற்கும் முன்பே டெக்னீஷியனிடம் சொல்லிவிடுங்கள். குழந்தையைப் பிடிக்க உள்ளே நிற்பவர் ஈய ஏப்ரனைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்பிணி அந்த வேலைக்கு நிற்கவே கூடாது.