மன்றத்துக் கணிப்பொறிகள்

பிழைப்பை நாடி வேற்று மாநிலங்களிற் குடியேறிய தமிழர்கள், ஓர் ஊரில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்தவுடன் முதலில் செய்யும் காரியம் ஒரு மன்றம் காண்பதே. ஒரு படிப்பகம், நாலு பத்திரிகைகள், பொங்கல் விழாவிற்கு ஒரு மேடை என்பன பழைய ஏற்பாடுகள். இன்று மன்றத்திற்கு வருவோர் கேட்பது வேறு. ஊரிலுள்ள நிலத்தின் பட்டா விவரம் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பணித் தேர்வுக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டும். தீபாவளிக்கு ரயிலில் இடம் பதிய வேண்டும். கைப்பேசி பலரிடமும் உண்டு. எனினும், நீண்டதொரு விண்ணப்பத்தை அச்சிறு திரையில் நிரப்பி, சான்றிதழ்களைக் கேட்ட அளவிற்குச் சுருக்கி இணைப்பது எளிதன்று. ஆகவே, மன்றத்தில் பொதுக் கணிப்பொறிகளை அமைப்பது எவ்வாறு என்பதை, மும்பைப் புறநகர் ஒன்றில் நாம் பெற்ற பட்டறிவைக் கொண்டு எடுத்துரைப்போம்.

இயந்திரங்களுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. விண்டோஸ் 10 என்னும் இயக்குதளத்திற்கு அளிக்கப்பட்டு வந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. அதற்கடுத்த பதிப்போ பழைய கணிப்பொறிகள் பலவற்றை ஏற்பதில்லை. இதனால் நல்ல நிலையிலுள்ள இயந்திரங்களையே அலுவலகங்கள் கழித்துவிடுகின்றன. அத்தகைய ஆறு நமக்குக் கிடைத்தன. அவற்றிற்கு உயிரூட்டியது லினக்ஸ். பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட கருநிரலும், ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனு என்னும் முயற்சியில் விளைந்த மென்பொருள்களும் இணைந்த அமைப்பு அது. உரிமக் கட்டணம் கிடையாது. ஓர் இயந்திரத்தில் நிறுவியதை ஆறிலும் நிறுவுவதற்கு எவர் அனுமதியும் வேண்டா. கேரளத்தில் வாழும் நம்மவர்க்கு இது புதுமையன்று. அம்மாநில அரசுப் பள்ளிகளில் அவர்தம் பிள்ளைகள் கற்பது இதிலேதான்.

நாம் தேர்ந்தது டெபியன் வெளியீடு. ஒவ்வொரு பதிப்பிற்கும் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைப்பதால், அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை. ஆயின், 2025 ஆகஸ்டில் வந்த அதன் 13ஆம் பதிப்பை 32 பிட்டு இயந்திரங்களில் புதிதாக நிறுவ இயலாது. ஆகவே நன்கொடையாக வரும் பெட்டியை ஏற்குமுன் அது 64 பிட்டுதானா என்று பார்த்துக்கொள்க. எளிய திரைச்சூழலான எக்ஸ்எஃப்சிஇ போதும். நினைவகம் 4 ஜிபி இருந்தால் வேலை நடக்கும். 8 இருந்தால் நலம், ஏனெனில் இணைய உலாவிகள் நினைவகத்தை விழுங்குகின்றன. செலவழிக்கத்தக்க ஒரே இடம் வட்டுதான். சுழலும் பழைய வட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்திய அன்று, இயந்திரமே புதிதாயிற்றோ என மன்றத்தார் வியந்தனர்.

ஒரு சிறு விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஆறில் ஒன்று மட்டும் வங்கிப் பக்கம் எதையும் திறக்க மறுத்தது. இரண்டு மாலைப்பொழுதுகள் வீணாயின. முடிவிற் பார்த்தால், அதன் கடிகாரம் பல ஆண்டுகள் பின்தங்கிக் கிடந்தது. பாதுகாப்பான இணையத்தளங்களின் சான்றுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. தேதி பிழைத்தால் உலாவி அச்சான்றை நம்பாது. தாய்ப்பலகையிலிருந்த நாணயம் போன்ற மின்கலத்தை மாற்றியதும் குறை தீர்ந்தது.

இனி, முதன்மையான செய்திக்கு வருவோம். தொடக்கத்தில் நாம் செய்த பெரும்பிழை, எல்லோர்க்கும் ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல் என்று வைத்ததே. வேலை தேடி வந்த இளைஞர் ஒருவர் தம் மின்னஞ்சலைத் திறந்தபடியே விட்டு எழுந்து சென்றார். அடுத்து அமர்ந்த சிறுவன் விளையாட்டாகச் சில அஞ்சல்களை நீக்கினான். அவற்றுள் ஒன்று நேர்காணல் அழைப்பு. நீக்கியவற்றிலிருந்து அதனை மீட்டபோது நேர்காணல் நாள் கடந்திருந்தது. அவ்விளைஞர் நம்மை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அதன்பின் மன்றத்துக் கணிப்பொறியைத் தொடவும் இல்லை. பிழை சிறுவனுடையதன்று, நம்முடையது.

லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸ், பலர் ஒரே இயந்திரத்தைப் பகிர்வதற்கென்றே வளர்ந்த அமைப்பு. ஒவ்வொருவர்க்கும் தனிக் கணக்கு, தனி இல்லக் கோப்புறை என்பது அதன் இயல்பிலேயே உள்ளது. அந்த வசதியை நாம் பயன்படுத்தாதிருந்தோம். இப்போது வாரந்தோறும் வரும் உறுப்பினர்களுக்குத் தனிக் கணக்கு அளித்துள்ளோம். இல்லக் கோப்புறையைப் பிறர் காண இயலாதவாறு உரிமைகள் அமைந்துள்ளனவா என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்க. உபுண்டு என்னும் வெளியீட்டிற் கூட, 2021 ஏப்ரலில் வந்த பதிப்பிலிருந்தே இது இயல்பமைப்பாயிற்று. வழிப்போக்கர்க்கு விருந்தினர் கணக்கு உண்டு. அதன் இல்லத்தை வட்டில் வைக்காமல் நினைவகத்தில் வைத்துள்ளோம். இயந்திரத்தை நிறுத்தினால் அதிற் செய்தவை யாவும் மறைந்துவிடும். ஆதலால் ஒருவர் எழுந்து சென்றதும் இயந்திரத்தை மறுபடி தொடக்குவது வழக்கமாயிற்று. எஸ்எஸ்டி இருப்பதால் இதற்கு ஒரு நிமிடமும் ஆவதில்லை. நிர்வாக உரிமை இருவர்க்கு மட்டுமே. அந்தக் கடவுச்சொல்லைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்த மன்றம் ஒன்றையும் நாம் கண்டதுண்டு!

ஆற்றல் மிக்க ஒரு வழங்கியை நிறுவி, மற்றவற்றை வலையமைப்பின் வழியே அதிலிருந்து இயக்கும் எல்டிஎஸ்பி முறையும் உண்டு. பராமரிப்பு எளிது, ஆனால் வழங்கி படுத்தால் அறை முழுவதும் படுத்துவிடும். ஆறு இயந்திரங்களுக்கு அது வேண்டா என்பது நம் கருத்து. ஒன்றைச் செம்மையாக அமைத்து, குளோன்சில்லா கொண்டு ஏனையவற்றிற்குப் படியெடுத்தோம்; பெயரையும் இயந்திர அடையாளத்தையும் மட்டும் தனித்தனியே மாற்றினோம்.

தமிழ்த் தட்டச்சு ஐபஸ் வழியே அமைகிறது. தமிழ்நாட்டு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையை இளையோர்க்குப் பரிந்துரைக்கிறோம். வெளிமாநிலத்திற் பிறந்து ஆங்கில வழியே கற்ற பிள்ளைகளோ ஒலிபெயர்ப்பு முறையையே நாடுகின்றனர், தடுப்பதற்கில்லை. பழைய தட்டச்சுப் பொறியிற் பழகிய முதியோர் இருவர்க்காக ஓர் இயந்திரத்தில் அந்த முறையும் வைத்துள்ளோம்.

எல்லாம் இயலும் என்று சொல்லி ஏமாற்ற மாட்டோம். சில கைரேகைக் கருவிகளுக்கு உரிய மென்பொருள் லினக்ஸிற்குக் கிடைப்பதில்லை. அச்சுப்பொறியை வாங்குமுன் சோதித்தல் நன்று. கட்டணம் பெற்றுப் பொதுமக்களுக்கு இணையம் அளிக்க எண்ணும் மன்றங்கள், இணைய மையங்கள் பற்றிய 2011ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகள் தமக்குப் பொருந்துமா என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பதிவு, பயனர் அடையாளம், ஓராண்டுக் குறிப்பேடு முதலியவற்றை அவை வற்புறுத்துகின்றன.

திருத்தங்களை ஞாயிறு காலையில், அறை திறக்குமுன் இறக்குகிறோம். அந்தப் பணியை இப்போது ஏற்றிருப்பவன், அன்று அஞ்சலை நீக்கிய அதே சிறுவன்.