அடுக்களையில் வாழும் அறிவு

ஒரு நாட்டின் பெருமையைக் கோயில்களிலும் கோட்டைகளிலும் காண்பவர் பலர். அடுக்களையில் காண்பவர் சிலரே. ஆயினும், மக்கள் வழிவழியாகக் கண்டு போற்றிய அறிவு கஞ்சிப் பானையிலும் பொதிந்து கிடக்கின்றது.

சென்னைக்குத் தெற்கேயுள்ள பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் முதலிய ஊர்களில் ஆடித் திங்களில் அம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பர். கேழ்வரகு மாவைக் கரைத்து ஓரிரவு புளிக்க வைப்பர். மறுநாள் நொய்யைக் குழைய வேகவைத்து, அதில் புளித்த மாவைச் சேர்த்துக் கிளறுவர். ஆறியபின் மோரும் சின்ன வெங்காயமும் கூட்டி வருவோர்க்கெல்லாம் வழங்குவர். புளிக்க வைப்பதால் சுவை மிகும். அதனோடு தானியத்திலுள்ள இரும்பு முதலிய சத்துகளை உடல் எளிதில் ஏற்கவும் வழி உண்டாகும்.

கூழுக்குத் தொட்டுக்கொள்ளும் மிளகாயோ நம் நாட்டுப் பொருளன்று. அதன் தாயகம் மெக்சிகோவை உள்ளிட்ட அமெரிக்க நிலப்பகுதியாகும். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் அதனை இந்தியாவிற்குக் கொணர்ந்தனர். அதற்கு முன் நம் முன்னோர் உறைப்புக்கு மிளகையே நம்பியிருந்தனர். மிளகுபோல் உறைக்கும் காய் ஆதலின் அது மிளகாய் எனப் பெயர் பெற்றது.

மிளகாயைத் தந்த மெக்சிகோ மக்களின் சமையல் மிகத் தொன்மையானது. மக்காச்சோளமே அவர்தம் முதன்மை உணவு. அவர்கள் அதனைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுதும் ஊறவிட்டு, கழுவித் தோல் நீக்குவர். பின்னர் நம் அம்மியை ஒத்த, மூன்று கால்களுடைய சாய்ந்த கல்லில் அரைத்துத் தட்டையான ரொட்டிகளாகச் சுடுவர். இச்சமையல் மரபினை 2010-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மன்றம் மனிதகுலப் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

சுண்ணாம்பு எதற்கு? கொலம்பசின் பயணத்திற்குப் பின் ஐரோப்பியர் மக்காச்சோளத்தைத் தம் நாடுகளுக்குக் கொண்டு சென்றனர். சுண்ணாம்பிடும் முறையை மட்டும் வீண் வேலையெனக் கருதினர் போலும், அதனைக் கைக்கொள்ளவில்லை. அதனால் வந்த தீங்கு பெரிது. வட இத்தாலியில் மக்காச்சோளத்தையே உண்டு வாழ்ந்த ஏழை மக்களைப் பெல்லாக்ரா என்னும் கொடுநோய் பற்றியது. தோல் வெடித்தது, வயிறு கழிந்தது, அறிவும் கலங்கியது. மக்காச்சோளத்திலுள்ள நியாசின் என்னும் உயிர்ச்சத்து எளிதில் வெளிப்படாது. சுண்ணாம்பு நீரே அதனை விடுவிப்பது. நியாசினே இந்நோயைத் தடுக்கும் பொருள் என்பது 1937-இல்தான் தெளிவாயிற்று. தானியம் கடல் கடந்தது. அதனைச் சமைக்கும் அறிவோ கடக்கவில்லை.

நம் புழுங்கலரிசியும் இத்தகையதே. நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்தும்போது, தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து அரிசியினுள் ஊடுருவுகின்றது. எனவே, ஆலையில் தீட்டினாலும் அது முற்றும் அழிவதில்லை. அந்நாளைய சென்னை மாகாணத்தில், தீட்டிய பச்சரிசியை உண்ட வட கடலோர மாவட்டத்தாரைப் பெரிபெரி நோய் வாட்டியது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டத்தார் பெரும்பாலும் தப்பினர். குன்னூரில் ஆராய்ச்சி நடத்திய மக்காரிசன் என்னும் மருத்துவ அறிஞர் 1920-களில் இதனை ஆராய்ந்தார்.

உயிர்ச்சத்து என்னும் சொல்லை மெக்சிகோத் தாயும் அறியாள். தமிழ்த் தாயும் அறியாள். பட்டறிவே அவர்களுக்கு ஆசான். பழையன யாவும் நல்லன என்று கொள்ளுதல் வேண்டா. ஆனால், ஏன் என்று ஆராயாமல் ஒன்றைக் கைவிடுதல் பேதைமையாகும். கூழ் இன்று பல வீடுகளில் ஆடித் திங்களோடு நின்றுவிட்டது. மாணவர்களே! உங்கள் பாட்டிமார் செய்யும் பாகமுறைகளைக் கேட்டு எழுதி வையுங்கள். ஒவ்வொன்றின் காரணத்தையும் ஆராயுங்கள். எழுதப்படாத அந்நூல் அழியாமற் காப்பது உங்கள் கடமையன்றோ?