காஞ்சிப் பட்டில் ஒரு பாப் பாடகி

சென்ற பொங்கல் விழாவுக்கு நம் சங்கத்துப் பெண் குழந்தைகள் சேர்ந்திசை பழகிக்கொண்டிருந்தபோது நடந்தது இது. பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி வரிசையை விட்டு விலகி வந்து, "மாமி, நான் பாடலை. ஜால்ரா மட்டும் தட்டறேன்" என்றாள். காரணம் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் நின்ற பெண்தான் சொன்னாள்: "அவளுக்கு ஆம்பளைக் குரல், மாமி. எல்லாரும் சிரிக்கறாங்க."

அந்தக் குழந்தையை அருகில் உட்கார வைத்து அன்று நான் சொன்ன கதையைத்தான் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். நம்மைப் போலவே ஊரை விட்டு வெளியூரில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெண்ணின் கதை அது. நாம் வாழும் இந்தக் கேரள மண்ணின் மருமகளாகவும் ஆனவர் அவர். இந்தியாவின் பாப் இசைக்கு முகமாகவும் குரலாகவும் விளங்கும் உஷா உதுப்தான் அவர்.

பாட்டு வகுப்புக்கு வெளியே

உஷா பிறந்தது 1947ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள். தந்தை பம்பாய்க் காவல் துறையில் அதிகாரி. பைக்குல்லா பகுதியில் வீடு. வீட்டில் ஆறு குழந்தைகள், உஷா ஐந்தாவது. வீட்டுக்குள் தமிழ், தெருவில் இந்தியும் மராத்தியும், பள்ளியில் ஆங்கிலம். மட்டாஞ்சேரியில் குழந்தைகளை வளர்க்கும் நமக்கு இந்த நிலைமையை விளக்கவே வேண்டாம்! நம் பிள்ளைகளும் வீட்டில் தமிழும் கடையில் மலையாளமும் பள்ளியில் ஆங்கிலமுமாகத்தானே வளர்கிறார்கள்?

அந்த வீட்டு வானொலியில் கர்நாடக சங்கீதம், இந்துஸ்தானி, மேற்கத்திய இசை மூன்றும் ஒலித்தன. மூத்த சகோதரிகள் மேற்கத்திய பாட்டுப் பாடி மேடையேறியவர்கள். ஆனால் உஷாவின் குரல் மட்டும் கனமான, தாழ்ந்த குரல். பள்ளியில் பாட்டு வகுப்புக்கு இந்தக் குரல் ஒத்துவராது என்று அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். இருந்தாலும் இந்தப் பெண்ணிடம் ஏதோ இசை இருக்கிறது என்று உணர்ந்த ஆசிரியை, தாளம் தட்டும் சிறு கருவிகளைக் கையில் கொடுத்து உட்கார வைத்தார்.

நம் குழந்தை கேட்டதும் ஜால்ராதானே? இந்த இடத்தில்தான் அவள் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

ஒன்பது வயதில் உஷாவுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. சகோதரிகள் அவரை ஒலிபரப்பாளர் அமீன் சயானியிடம் அழைத்துச் சென்றனர். இலங்கை வானொலியின் ஓவல்டின் இசை நிகழ்ச்சியில் அவர் பாடினார். எந்தக் குரல் வகுப்புக்கு ஆகாது என்று சொன்னார்களோ, அந்தக் குரல் கடல் தாண்டி ஒலித்தது. இத்தனைக்கும் முறையான சங்கீதப் பயிற்சி ஏதும் அவருக்கு இல்லை. எல்லாம் கேள்வி ஞானம்தான்.

மவுண்ட் ரோடில் ஒரு புதுமை

1969ஆம் ஆண்டு. சென்னை மவுண்ட் ரோடில், இன்றைய அண்ணா சாலையில், சஃபையர் திரையரங்க வளாகம் புகழோடு விளங்கிய காலம். ஒரே வளாகத்தில் சஃபையர், புளூ டயமண்ட், எமரால்டு என்று மூன்று அரங்குகள். அந்த வளாகத்தின் கீழ்த்தளத்தில் 'நைன் ஜெம்ஸ்' என்ற சிறிய இரவு விடுதி இருந்தது. அங்கேதான் உஷா ஐயர் என்ற பெயரில் இந்த இளம்பெண் தொழில்முறைப் பாடகியாக அடியெடுத்து வைத்தார்.

அன்றைய திரைப்படங்களில் இரவு விடுதிப் பாடகி எப்படி இருப்பாள் என்று வாசகர்களுக்கு நினைவிருக்கும். மினுமினுக்கும் குட்டை உடை, கையில் மதுக்கோப்பை, கூடவே வில்லனின் கையாள்! எல்.ஆர்.ஈஸ்வரி அவர்களின் அற்புதமான குரல் பின்னால் ஒலித்தாலும், திரையில் தெரியும் அந்தப் பெண் நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவள் அல்ல என்றே கதை சொல்லும். ஆனால் நிஜமான இரவு விடுதியில் நிஜமான பாடகி புடவை கட்டி, தலையில் பூ வைத்து, நெற்றியில் பொட்டிட்டு, ஆங்கிலப் பாட்டுப் பாடினார்! இது புரட்சி செய்யும் எண்ணத்தில் எடுத்த முடிவன்று. வீட்டில் எப்படி இருந்தாரோ அப்படியே மேடைக்கும் போனார், அவ்வளவுதான்.

பிறகு பம்பாயில் 'டாக் ஆஃப் தி டவுன்', கல்கத்தா பார்க் தெருவில் 'டிரிங்காஸ்', டில்லியில் ஓபராய் ஓட்டல் என்று பயணம் தொடர்ந்தது. ஒலிபெருக்கியை வாயருகே பிடித்து, எதிரே அமர்ந்திருப்பவரோடு பேசுவதுபோல் பாடும் முறை அங்கே உண்டு. அந்த முறைக்குக் கனத்த குரல் குறையாகத் தெரியவில்லை, அதுவே கவர்ச்சியாகிவிட்டது. டில்லியில் அவர் பாடியதைக் கேட்ட திரைத்துறையினர் மூலம் இந்திப் பட வாய்ப்பும் வந்தது. 1971இல் வெளியான தேவ் ஆனந்தின் 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' படத்தில், ஆர்.டி.பர்மன் இசையில், ஆஷா போஸ்லேயோடு அவர் குரலும் ஒலித்தது.

ஐயர் வீட்டுப் பெண் உதுப் ஆனார்

டிரிங்காஸில் பாடிய நாட்களில் ஜானி சாக்கோ உதுப் என்பவரைச் சந்தித்தார். கோட்டயம் பகுதியைச் சேர்ந்த கிறித்தவக் குடும்பத்தவர். தேயிலைத் துறையில் பணிபுரிந்தவர். உஷாவின் முதல் திருமணம் நிலைக்கவில்லை. பின்னர் இருவரும் மணந்துகொண்டனர். தமிழ் ஐயர் வீட்டுப் பெண், மலையாளக் கிறித்தவ மாப்பிள்ளை, குடித்தனம் கல்கத்தாவில்! இரு வீட்டாருக்கும் அந்நாளில் அது எளிதாக இருந்திருக்காது. ஆனால் 2024 ஜூலை மாதம் கணவர் கொல்கத்தாவில் காலமாகும் வரை அந்த இல்லறம் நீடித்தது.

நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மணந்த வீட்டின் பெயரை ஏற்றார். பிறந்த வீட்டுப் புடவையையும் பொட்டையும் விடவில்லை. குடியேறிய ஊரையும் மறக்கவில்லை. அவருடைய பெரிய பொட்டின் நடுவே வங்காள எழுத்தான 'க' இருக்கும், அது கொல்கத்தாவுக்காக. காஞ்சிப் பட்டுப் புடவைக்குக் கீழே கான்வாஸ் காலணி அணிந்து மேடையேறுவதும் அவருடைய வழக்கம். மணிக்கணக்கில் நின்று பாடுபவருக்கு அது வசதியும்கூட.

எது பண்பாடு?

எல்லாம் நல்லபடியாக நடந்துவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். 1980 முதல் அவருக்கு இந்தித் திரையில் பெரும்புகழ் வந்தது. பப்பி லஹரி இசையில் 'பியாரா துஷ்மன்', 'அர்மான்', 1982இல் 'டிஸ்கோ டான்சர்' என்று பாட்டுக்குப் பாட்டு வெற்றி. அந்தப் புகழின் உச்சியில், 1983இல், மேற்கு வங்க அமைச்சர் ஒருவர் இவருடைய இசை சீரழிந்த பண்பாடு என்று கூறி, அரசு அரங்குகளில் அவர் பாடுவதைத் தடுத்தார்.

சிந்தித்துப் பாருங்கள். பிழைக்க வந்த ஊர். பிறந்த மண் அல்ல. எதிரே நிற்பது அரசு. நம்மில் பலர் என்ன செய்திருப்போம்? "நமக்கெதற்கு வம்பு, வெளியூர்க்காரர்கள்தானே நாம்" என்று பேசாமல் இருந்திருப்போம். உஷா நீதிமன்றம் சென்றார், வெற்றியும் பெற்றார். அதன்பின் அந்த நகரத்தின் மீது கோபம் கொண்டு வெளியேறவும் இல்லை. அங்கேயே வாழ்ந்தார், அங்கேயே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார், அங்குள்ள மக்களின் அன்புக்கு உரியவரானார். உரிமையைக் கேட்டுப் பெறுவதும் ஊரை நேசிப்பதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

நம் இரு மொழிகளிலும்

தமிழில் 1975இல் ஏ.பி.நாகராஜன் இயக்கிய 'மேல்நாட்டு மருமகள்' படத்தில் குன்னக்குடி வைத்தியநாதன் இசையில் பாடினார். 1990இல் மணிரத்னத்தின் 'அஞ்சலி'யில் இளையராஜா இசையில் அவர் பாடிய வேகமான பாட்டு குழந்தைகள் வாயில் அன்று புகுந்துவிளையாடியது. 2010இல் 'மன்மதன் அம்பு' படத்தில் மாதவனின் தாயாராக நடித்தும் இருக்கிறார்.

மலையாளத்தில் 1974இல் 'சட்டக்காரி' படத்துக்காக ஜி.தேவராஜன் மாஸ்டர் இசையில் ஆங்கிலப் பாட்டு ஒன்றைப் பாடினார். 2006இல் 'போத்தன் வாவா' படத்தில் மம்மூட்டிக்கு அம்மாவானார். கேரளத்தின் அழகைப் போற்றி அவர் பாடிய 'எண்டே கேரளம்' பாட்டு, மலையாளிகள் கூடும் இடமெல்லாம் ஒலிப்பது. ஒரு தமிழ்ப் பெண் பாடியது என்று அண்டை வீட்டுச் சேட்டன்மாரிடம் நாம் சற்றே பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்!

பல இந்திய மொழிகளிலும் அயல்மொழிகளிலும் பாடியிருக்கிறார். கென்யாவின் நைரோபிக்குச் சென்று சுவாஹிலி மொழியில் பாடி அந்த மக்களை மகிழ்வித்தவர். 2011இல் பத்மஸ்ரீ பெற்றார். அதே ஆண்டு வெளியான '7 கூன் மாஃப்' இந்திப் படத்தில் ரேகா பரத்வாஜோடு பாடிய பாட்டுக்கு ஃபிலிம்பேர் விருது கிடைத்தது. அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. 2024இல் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது.

மட்டாஞ்சேரிக்குத் தெரியாததா?

பாட்டின் அருமை நம் ஊருக்குப் புதிதல்ல. இந்தச் சந்துகளிலும் கல்யாண வீடுகளிலும் பாடி, 1951இல் 'ஜீவித நௌகா' மூலம் திரைக்குச் சென்ற மெஹபூப் பாய் மட்டாஞ்சேரிக்காரர். 1940இல் பிறந்த யேசுதாஸுக்கு ஊர் நடந்துபோகும் தூரத்தில் உள்ள ஃபோர்ட் கொச்சி. கொங்கணியும் குஜராத்தியும் உருதும் தமிழும் ஒரே தெருவில் பேசும் இடம் இது. வெளி மைதானத்துப் பக்கம் தோபிகானாவில் இன்றும் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்களைக் கேட்டால், எத்தனை தலைமுறை ஆனாலும் மொழி போய்விடாது என்பார்கள். பல மொழிகளுக்கு நடுவே வளர்வதை நாம் பிள்ளைகளுக்கு வந்த இடையூறாக எண்ணத் தேவையில்லை. உஷாவுக்கு அதுவே மூலதனமாக அமைந்தது.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். கதை முடிந்ததும் ஆர்மோனியத்தின் முன் அவளைத் தனியாகப் பாடச் சொன்னோம். நாங்கள் ஐந்தரைக் கட்டை சுருதி வைத்துப் பழகிக்கொண்டிருந்தோம். அவளுக்கு அது எட்டவில்லை. நாலு கட்டைக்கு இறக்கினோம். குரல் கணீரென்று வந்தது! குறை அவள் குரலில் இல்லை, நாம் வைத்த சுருதியில்தான் இருந்தது. திரைப்பாட்டில் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதால், பெண் குரல் என்றாலே உச்சத்தில்தான் ஒலிக்க வேண்டும் என்று நாமாக முடிவு கட்டிவிடுகிறோம்.

விழாவில் முதல் பாட்டின் பல்லவியை அவள் தனியாகப் பாடினாள். யாரும் சிரிக்கவில்லை. ஜால்ராவை அவள் தம்பி தட்டினான்.

வரும் ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளின் பெயரைக் கொடுக்கும்போது, "இவளுக்குக் குரல் சரியில்லை" என்று தயவுசெய்து யாரும் எழுதிக் கொடுக்க வேண்டாம். அழைத்து மட்டும் வாருங்கள். சுருதியை இறக்கிக்கொள்ள நாங்கள் தயார்.