‘பாஸ் தி பக்’ என்றால் என்ன? சீட்டாட்ட மேசையில் இருந்து வெள்ளை மாளிகைக்கு போன வார்த்தை!

“அது என் வேலை இல்ல சார், அடுத்த செக்‌ஷன்ல கேளுங்க.” அலுவலகங்களில் அடிக்கடி கேட்கும் பதில் இது. இப்படி பொறுப்பை அடுத்தவர் தலையில் கட்டுவதைத்தான் ஆங்கிலத்தில் ‘பாஸ் தி பக்’ என்கிறார்கள்.

‘பக்’ என்றால் டாலர்தானே, பணத்தை கைமாற்றுவதா என்று பலரும் நினைப்பதுண்டு. ஆனால் விஷயமே வேற!

பக் என்பது எது?

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் போக்கர் சீட்டாட்டம் ரொம்ப பிரபலம். ஒரே ஆள் சீட்டு போட்டுக்கொண்டே இருந்தால் ஏமாற்றலாம் என்பதால், அந்த வேலை ஒவ்வொருவருக்கும் முறை வைத்து மாறும். இப்போது யார் முறை என்று காட்ட அவர் முன்னால் ஒரு பொருளை வைப்பார்கள். அதற்குப் பெயர்தான் பக். சீட்டு போட விருப்பமில்லாதவர் அதை பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடலாம். பொறுப்பும் கூடவே போய்விடும்!

மான் கொம்பில் கைப்பிடி போட்ட கத்தியை அடையாளமாக வைத்ததால் இந்தப் பெயர் வந்தது என்பது பரவலாக சொல்லப்படும் விளக்கம். ஆங்கிலத்தில் ஆண் மானுக்கும் ‘பக்’ என்றுதான் பெயர். மார்க் ட்வைன் 1872இல் வெளியிட்ட ‘ரஃபிங் இட்’ புத்தகத்திலேயே சீட்டாட்டப் பேச்சாக இந்தச் சொல் வருகிறது.

ட்ரூமன் மேசையில் இருந்த பலகை

இதற்கு நேர் எதிரானது, ‘தி பக் ஸ்டாப்ஸ் ஹியர்’. ‘தட்டிக்கழிக்கிற வேலை இங்கே இல்லை, கடைசிப் பொறுப்பு என்னுடையது’ என்று அர்த்தம். ஓக்லஹோமா மாநிலம் எல் ரீனோ சிறையில் செய்யப்பட்ட, இந்த வாசகம் எழுதிய சிறு பலகை 1945 அக்டோபரில் அதிபர் ஹாரி ட்ரூமனுக்கு அனுப்பப்பட்டது. அதை தன் மேசையில் வைத்துக்கொண்டார். ஜப்பான் மீது அணுகுண்டு வீசப்பட்டு அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 1953இல் பதவி விலகும்போது ஆற்றிய உரையிலும், அதிபர் தன் முடிவை வேறு யாரிடமும் தள்ளிவிட முடியாது என்றார்.

2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான் கைக்கு போன மறுநாள் அதிபர் ஜோ பைடனும் இதே வார்த்தையைத்தான் பயன்படுத்தினார். ஆனால் அதே உரையில் ஆப்கன் தலைவர்களையும் ராணுவத்தையும் குறை சொன்னதால், ‘பொறுப்பை ஏற்கிறாரா, தள்ளிவிடுகிறாரா?’ என்ற விமர்சனமும் எழுந்தது.

‘பக்’ தன்னிடமே நிற்கிறது என்று சொல்வது சுலபம். அதற்குப் பிறகு என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் மக்கள் கவனிப்பார்கள்.