தேயிலைக் குன்றில் தண்டாயுதபாணி

முருகப்பெருமானின் படைவீடுகளுள் குன்றுதோறாடல் என்பதற்குத் திருத்தணியைச் சுட்டுவது வழக்கம். ஆயினும் அப்பெயர் ஓர் ஊருக்கு மட்டும் உரியதன்று என்பதைக் கடல் கடந்து சென்ற தமிழர்கள் மெய்ப்பித்துள்ளனர். மலேசியாவின் பகாங் மாநிலத்தில், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் விளங்கும் கேமரன் மலையிலும், பிரிஞ்சாங் நகரில் அவர் தண்டாயுதபாணியாக எழுந்தருளியிருக்கிறார்.

1885இல் வில்லியம் கேமரன் என்னும் ஆங்கிலேய நில அளவையாளர் இம்மலைப் பகுதியைக் கண்டறிந்தார் என்பர். செமாய் முதலான பூர்வகுடியினர் அதற்கு நெடுங்காலம் முன்பே இங்கு வாழ்ந்தவர்கள் என்பதை மறத்தலாகாது. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டம் உருவாயிற்று. குளிரிலும் மழையிலும் கொழுந்து கிள்ளிய தமிழ்த் தொழிலாளர்கள், குடியிருக்க லயமும் கும்பிடக் கோயிலும் இருந்தால் போதும் என்று வாழ்ந்தனர். மாரியம்மனும் முருகனும் அவர்களுக்குத் துணை நின்றனர்.

இன்று விழாக் காலங்களிலும் பள்ளி விடுமுறையிலும் சமவெளியிலிருந்து வாகனங்கள் சாரிசாரியாக மலையேறுகின்றன. தரிசனம் முடித்த அன்பர்கள் அடுத்து நாடுவது தேயிலைத் தோட்டங்களையே. சுங்கை பாலாஸ் தோட்டத்திற்குச் செல்லும் பாதையோ மிகக் குறுகியது. பறித்த கொழுந்து உரிய நேரத்தில் ஆலைக்குச் சேராவிடில், குவியலில் வெப்பமேறித் தரம் கெடும். படமெடுப்பதற்காகச் செடிகளின் நடுவே இறங்குவோர் இளந்தளிரை ஒடிப்பதோடு, சரிவின் மண்ணையும் மிதித்து இறுக்குகின்றனர். இறுகிய மண்ணில் மழைநீர் இறங்காது. மண்ணை அரித்துக்கொண்டு ஓடும்.

அவ்வாறு ஓடும் மண் எங்கே செல்கிறது என்பதை ரிங்லெட் ஏரி காட்டும். 2013 அக்டோபர் 23 அன்று, பெருமழையால் நீர்மட்டம் உயர்ந்த சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறும் வெள்ளமும் புகுந்து உயிர்களைக் கொள்ளை கொண்டன, வீடுகள் சிதைந்தன. ஆண்டுக்கணக்கில் படிந்த வண்டலால் ஏரியின் கொள்ளளவு சுருங்கியிருந்தது. இதற்குச் சுற்றுலாவை மட்டும் குறை கூறுதல் நியாயமாகாது. காய்கறித் தோட்டங்களுக்காக அனுமதியின்றிச் சரிவுகளை அழித்ததே பெருங்காரணம். எனினும் விடுதிகளுக்காக வெட்டப்பட்ட சரிவுகளும் அதே ஏரிக்குத்தான் மண்ணை அனுப்புகின்றன.

பிரிஞ்சாங் சிகரத்தின் பாசிக் காட்டிற்குச் செல்வோர் மரப்பாதையை விட்டு இறங்காதிருப்பதும், குடுவைச் செடியையோ காட்டு ஆர்க்கிட்டையோ பறிக்காதிருப்பதும் கடமையாகும். பஞ்சுபோல நீரை உறிஞ்சிப் பின் சிறுகச் சிறுக விடுவது அப்பாசியே.

தாயகத்திலும் இதே கவலை உண்டு. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறையைச் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறைப்படுத்தினர். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என வரம்பும் விதிக்கப்பட்டது. விரதமிருந்து நடந்தே மலையேறிய அடியார்களுக்கு இத்தகைய வரம்பு தேவைப்பட்டதில்லை.

கேமரன் மலைக்குச் செல்லும் குடும்பங்கள் தனித்தனிக் கார்களை விடுத்து ஒரே பேருந்தில் சேர்ந்து செல்லலாம். ஆலய நிர்வாகத்தினர் அன்னதானத்திற்கு நெகிழித் தட்டுகளைத் தவிர்த்து வாழையிலைக்கு ஏற்பாடு செய்யலாம். உபயதாரர்கள் அச்செலவை ஏற்றால் சுமை தெரியாது. தோட்டங்களில் இப்போது வங்காளதேசம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் கொழுந்து பறிக்கின்றனர். தமிழ்க் குடும்பங்கள் குறைந்துவிட்டன. எஞ்சியுள்ள சிலரே தோட்டக் கோயில்களில் விளக்கேற்றுகின்றனர். தேயிலை பார்க்கச் செல்லும் அன்பர்கள், காட்சி மேடைக்கு விரையுமுன் அச்சிறு சந்நிதியில் நின்று, அவ்வாண்டுத் திருவிழா எந்நாள் என்று பூசாரியிடம் கேட்டறிந்து, இயன்ற காணிக்கையைச் செலுத்தி வரலாம்.