புகை மெலிந்த விஸ்கி

களனி ஆற்றுக்கும் கொலன்னாவைச் சதுப்புக்கும் இடையே தாழ்ந்து கிடக்கும் ஒருகொடவத்தையிலே, சுங்கத் திணைக்களத்தின் முற்றத்திற் பரிசோதனைக்குக் காத்து நிற்கும் கொள்கலன்களுள் என்றேனும் ஒன்றில் ஸ்கொத்லாந்து விஸ்கிப் போத்தல்களும் இருக்கக்கூடும். ஆனால் அம்மதுவுக்குப் புகைமணம் ஊட்டுகின்ற பொருளின் இனத்தது, கப்பலேறி வர வேண்டாமல், கொழும்பைச் சூழ்ந்த சதுப்புகளின் அடியிலேயே கிடக்கிறது. நீர் தேங்கிய நிலத்தில் பிராணவாயு கிட்டாமையால் முழுவதும் மக்காது, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த தாவர சேஷமாகிய முற்றா நிலக்கரியே அது. முத்துராஜவெலச் சதுப்பில் அது பெருமளவில் உண்டு. அதனை எரிபொருளாக்கும் யோசனையும் எழுந்ததுண்டு. எனினும், கந்தகம் மிகுந்த அந்தக் கரியின் புகையிலே தானியத்தை உலர்த்த, சுவையறிந்த எவரும் துணியார் என்றே நினைக்கிறேன்.

விறகு அரிதான ஐலா முதலிய ஸ்கொத்லாந்துத் தீவுகளிலோ முன்னாளில் இதுவே அடுப்புக்கு ஆதாரமாயிருந்தது. நீரில் ஊறி முளைவிட்ட வாற்கோதுமையை உலர்த்தும் சூளையில் இதனைப் புகையவிடும்போது, பீனோல், கிரெசோல், குவாயகோல் என்னும் வாசனைத் திரவியங்கள் ஈரத் தானியத்தின் உமியிலே பற்றிக்கொள்கின்றன. இவற்றின் அளவைப் பத்துலட்சத்தில் இத்தனை பங்கு என்று கணக்கிடுவர். ஆர்ட்பெக் வடிசாலையின் தானியத்தில் அது 55 அளவில் நிற்கும். பீனோல் என்பது பழைய ஆஸ்பத்திரிகளில் புண் கழுவிய கார்பாலிக் அமிலமேயாதலின், முதன்முறை முகர்பவர் முகஞ்சுளிப்பதில் வியப்பில்லை.

மென்புகை என்பது புகையின் பற்றாக்குறையன்று. வேண்டுமென்றே செய்துகொள்ளும் ஏற்பாடு. சூளையிற் புகையைக் குறைக்கலாம். புகையூட்டாத தானியத்தைக் கலக்கலாம். செப்பு வாலையில் வடியும்போது பீனோல்கள் பிந்தியே வருமாதலால், வடிப்பின் நடுப்பாகத்தைச் சற்று முன்னதாகவே வெட்டிப் பிரித்தும் விடலாம். மரப்பீப்பாயில் ஆண்டுகள் ஏற ஏறப் புகை தானாகவே தணியும்.

நம்மவர்க்கு அண்மையான உதாரணம் பெங்களூரிலே இருக்கிறது. 1948இல் தொடங்கிய அம்ருத் வடிசாலையார், 2004இல் தம் சிங்கிள் மால்ட்டை கிளாஸ்கோவில் அறிமுகஞ் செய்தனர். பின்னர் வந்த அவர்களுடைய பியூஷன் என்னும் விஸ்கியோ, புகையூட்டிய ஸ்கொத்லாந்து வாற்கோதுமை கால்பங்கும் புகையேறாத இந்திய வாற்கோதுமை முக்கால்பங்கும் வெவ்வேறாக வடிக்கப்பட்டுப் பின் ஒன்றுசேர்ந்தது. விமர்சகர் ஜிம் மரே தமது 2010ஆம் ஆண்டு நூலில் இதனை உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கியாகக் குறித்தார். பெங்களூரின் வெப்பத்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் ஆவியாகிப் போகிறது. ஸ்கொத்லாந்தில் ஏறக்குறைய 2 விழுக்காடே. ஆகவே அங்கே பன்னிரண்டு ஆண்டு காத்திருப்பவர் பெங்களூரிலே நான்கைந்து ஆண்டிலேயே பீப்பாயைத் திறக்க நேர்கிறது.

இனிச் சுவைக்கும் முறை. வாய் குறுகிய கிண்ணத்திற் சிறிது வார்த்து, மூக்கை உள்ளே அமிழ்த்தாமல் விளிம்பிலே நிறுத்தி முகர வேண்டும்; நமது வெப்பத்தில் மதுசாரமே முந்திக்கொண்டு எழுந்து மற்ற மணங்களை மறைக்குமாதலால் ஒரு கணம் பொறுத்திருப்பதும் நன்று. பியூஷனின் மதுசாரம் 50 விழுக்காடு. சில துளி நீர் விடும் வழக்கம் வெறும் சம்பிரதாயமன்று: 45 விழுக்காட்டுக்குக் கீழே குவாயகோல் மேற்பரப்பை நாடித் திரள்கிறது என்று, சுவீடன் நாட்டு ஆய்வாளர் இருவர் 2017இல் கணினிவழி காட்டினர். முதலில் தானியத்தின் இனிப்பும் கனிந்த பழத்தின் வாசமும் தோன்றி, விழுங்கிய பின்னரே, சம்பலில் இடித்துச் சேர்த்த மாசிக்கருவாட்டைப் போல், தன்னை முன்னிறுத்தாமல் யாவற்றையும் தாங்கி நிற்கும் புகை புலப்படும். கனத்த புகையில் இந்தத் தானியச் சுவை பெரும்பாலும் அமுங்கிப் போகிறது. எனக்கு மென்புகையே உவப்பானதற்கு அதுவே காரணம்.

பல வகைகளை ஒரே அமர்வில் ஒப்பிட விரும்புவோர் மெலிந்ததை முன்னும் கனத்ததைப் பின்னும் வைத்துக்கொள்ள வேண்டும். ஆர்ட்பெக்கை முதலிற் பருகியவரின் மூக்குக்கு, அடுத்து வரும் பியூஷனிற் புகை இருந்ததாகவே தெரியாது.